மாறாத ஆள்

திருப்பூரில் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமில்லை. பனியன் கம்பெனி இருக்கிற சந்துக்கெல்லாம் ஒரு மெஸ் இருக்கும். தகரக் கூரை, நாலு பெஞ்சு, கை கழுவ ஒரு டிரம், கல்லாவுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய கணக்கு நோட்டு. ஓவர்லாக் டைலர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், கைமடிப் பிள்ளைகள் என்று எல்லாரும் வாரம் முழுக்கக் கணக்கில் சாப்பிடுவார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கொண்டுவந்து அடைப்பார்கள். அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மெஸ்ஸில் 2012லிருந்து நான் சாப்பிட்டு வருகிறேன்.

எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, அதற்கேற்ற வேலை கிடைக்காமல், ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் டைம் ஆபீசில் ஆள் வருகை எழுத வந்தவன் நான். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011இல் சாயப்பட்டறைகளை மூடியதில் விழுந்த ஊர் மெல்ல எழுந்துகொண்டிருந்த நேரம் அது.

மெஸ் நோட்டில் என் பெயர் 'வாத்தியார்'. கையில் எப்போதும் புத்தகம் இருக்கும் என்பதால் அப்போது பரிமாறிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பையன் வைத்த பெயர். அவன் போய் எத்தனையோ வருசமாச்சு. பெயர் மட்டும் நோட்டுக்கு நோட்டு ஏறி வருகிறது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பெயரைச் சொன்னால் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் "ஊருக்குள்ளீங்களா, தோட்டத்துலீங்களா?" என்பார்கள். ரெண்டும் இல்லையென்றால் மிச்சமிருப்பது ஒரே இடம்தான். எங்கள் பக்கம் சாதியை நேராகக் கேட்பவர்கள் குறைவு. வழி விசாரிக்கிற மாதிரிதான் விசாரிப்பார்கள்.

நான் தாராபுரத்துப் பக்கம் ஒரு வளவில் பிறந்தவன். மற்ற ஜில்லாக்காரர்கள் சேரி என்பதை நாங்கள் வளவு என்போம். அருந்ததியன். எங்க அப்பா சின்ன வயசில் டீக்கடையில் கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்தவர். எனக்கு விவரம் தெரிந்த 1990களில் கொட்டாங்குச்சி போய்த் தனி டம்ளர் வந்திருந்தது. கடைக் கூரை எரவாணத்தில் சொருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, குடித்து, கழுவி, திரும்பச் சொருகிவிட்டு வரவேண்டும். அப்புறம் பேப்பர் கப் வந்தது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர், எங்களுக்குப் பேப்பர் கப். கேட்டால் "சுத்தமா இருக்கட்டும்னுதானுங்க" என்று பதில் வரும்.

அதனால்தான் மெஸ்ஸில் முதல் நாள் எல்லாருக்கும் வைத்த மாதிரியே என் முன்னாலும் ஓர் எவர்சில்வர் டம்ளர் தண்ணீர் வைத்தபோது, அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு 1950லிருந்தே சொல்கிறது. ஆனால் எனக்கு அந்த டம்ளரைக் கொடுத்தது சட்டமல்ல, என்னை யாரென்று அங்கே யாருக்கும் தெரியாததுதான்.

பரிமாறுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். திருப்பூரில் எவன்தான் நிலையாக நிற்கிறான்? முதலில் தேனிப் பக்கத்து மாஸ்டரும் ஆண்டிபட்டிப் பையன்களும். அவர்கள் ஒவ்வொருவராக டைலர் வேலை கற்றுக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி ரெண்டு பேர். அப்புறம் ஒடிசாப் பையன்கள், பீகார்ப் பையன்கள். சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு பையன் போகும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கும். உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருக்கும். கொஞ்சம் பழகி, ஊர் கேட்க ஆரம்பிக்கிற நேரத்தில் அவன் போய்விடுகிறான். புதுப் பையனுக்கு நான் மறுபடி வெறும் வாத்தியார். வடக்கத்திப் பையன்களிடம் பயமே இல்லை. அவர்கள் ஊரிலும் சாதி உண்டு. எங்கள் ஊர்ச் சாதிதான் அவர்களுக்குத் தெரியாது.

இத்தனை பேர் மாறினார்கள் என்று எண்ணுகிறேனே, ஒருத்தரை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்த்ததில்லை.

கடைக்குப் பின்னால் தொட்டியடியில் உட்கார்ந்து தட்டு கழுவுகிற அம்மா. நான் போன முதல் நாளிலேயே அங்கே இருந்தவர். தட்டை ஒரு கூடையில் போட்டு வெளியே வைப்பார்கள். அவர் கழுவி, அதே கூடையில் கவிழ்த்து, பின்வாசற்படியில் வைப்பார். படி தாண்டமாட்டார்.

அவர் எனக்கு அத்தை முறை. எங்க அம்மா ஊர்ச் சனம். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ கை கழுவப் போனவனை நிமிர்ந்து பார்த்து, எங்கள் வீட்டுப் பேச்சில் சாப்பிட்டாயா என்று கேட்டார். நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழும் கலந்து, படித்தவர்களுக்குச் சிரிப்பு வருகிற தெலுங்கு. நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கல்லாவில் இருந்தவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்கம்மா, என்னையா கேட்டீங்க?" என்றேன், அட்சர சுத்தமான தமிழில்.

அத்தை ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவேயில்லை. அது கோபத்தினால் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருசம் ஆனது.

2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் நடந்தது. மாற்றலை ரத்து செய்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. எங்கள் தோழர்களோடு நானும் கூட்டங்களில் பேசினேன். எங்கள் கை பட்ட சோறு தீட்டு, எங்கள் கை அறுத்த நெல் தீட்டில்லையா என்று தொண்டை வறளக் கேட்டேன்.

ரெண்டு நாள் கழித்து மெஸ்ஸுக்குப் போனால் ஒடிசாப் பையன் சிரித்துக்கொண்டே கேட்கிறான்: "வாத்தியார், நீங்க ஐயரா?"

விசாரித்ததில் விசயம் வந்தது. யாரோ ஒரு வாடிக்கை என்னைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். மெஸ்காரர் பின்வாசலுக்குப் போய் அத்தையிடம், "அந்த வாத்தியார் உங்க சனமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அத்தை சொன்னாராம்: "நமக்குத் தெரியாதுங்க சாமி. பேச்சப் பாத்தா ஐயரு பையனாட்ட இருக்குதுங்."

பையனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அறைக்குப் போய்த்தான் உறைத்தது. இத்தனை வருசமாக நான் சாப்பிட்டது யாருடைய பொய்யில்? என் எவர்சில்வர் டம்ளரை எனக்காகக் காவல் காத்துக்கொண்டிருந்தது யார்? மேடையில் கத்தியது நான். தன் சொந்தத்தைத் தெரியாது என்று சொல்லி என் தட்டைக் காப்பாற்றியது அவர்.

அம்பேத்கர் நினைவுக்கு வந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடமில்லாமல், ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். பதினோராவது நாள் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இதை அவரே எழுதியிருக்கிறார். மறைந்து தங்கியதை மறைக்காமல் எழுதினார். 1927இல் மகத் குளத்துக்குப் போனபோது அவர் பெயரை மாற்றிக்கொண்டு போகவில்லை. மகாரைத் திரட்டிக்கொண்டு, மகாராகவே போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். நானோ பதினோரு நாள் அல்ல, ஆறு வருசம் ஒளிந்திருந்தேன். அதற்கப்புறமும் வாய் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

2020இல் கொரோனா வந்தது. ஊரடங்கில் கம்பெனிகள் நின்றன. மாஸ்டர் ஊருக்குப் போனார். வடக்கத்திப் பையன்கள் சிறப்பு ரயில் விட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடை மறுபடி திறந்தபோது அடுப்படியில் ஆளில்லை. கொஞ்ச நாளில் ருசி மாறியிருப்பது தெரிந்தது. புளிக்குழம்பு எங்க அம்மா வைக்கிற மாதிரியே இருந்தது. அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அத்தைதான் நின்று கிளறிக்கொண்டிருந்தார். சமைக்கலாம், முன்பக்கம் மட்டும் வரக்கூடாது என்று ஏற்பாடு. சமைத்து முடித்ததும் பழையபடி தொட்டியடிக்குப் போய்விட வேண்டும். "புது மாஸ்டர் யாருங்க, குழம்பு அமர்க்களம்" என்று வாடிக்கைகள் கேட்டால், "ஊர்ல இருந்து வந்திருக்காப்டி" என்பார் மெஸ்காரர். அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசுக் குழுவே வந்து திருப்பூரில் விசாரித்துவிட்டுப் போனது. ஹோலிக்குப் போன பையன்கள் சீக்கிரம் திரும்பவில்லை. மெஸ்ஸில் ஒரே ஒரு பையன். ஒருநாள் மத்தியானம் கடை நிறைய ஆள். "சாம்பார்... சாம்பார்" என்று நாலு பக்கமும் சத்தம். பையன் தெருவில் தண்ணீர்க் கேன் இறக்கிக்கொண்டிருக்கிறான். அத்தை சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசற்படி வரைக்கும் வந்தார். அங்கேயே நின்றார். வாளியிலிருந்து ஆவி பறக்கிறது. கை கனத்தில் நடுங்குகிறது. ஆனாலும் அந்தப் படியைத் தாண்டவில்லை.

எழுந்து போனேன். எங்கள் வீட்டுப் பேச்சில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அத்தை, வாளியை என்கிட்டக் கொடு" என்றேன். அவர் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். நானே வாங்கினேன். வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தேன். "இது எங்க அத்தை வெச்ச சாம்பாருங்க" என்றேன். ரெண்டு பேர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனார்கள். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். பசி.

மெஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் என் இலைக்குப் பக்கத்தில் பேப்பர் கப் வந்தது. சுற்றிப் பார்த்தேன். மற்ற எல்லாருக்கும் எவர்சில்வர். கல்லாவுக்குப் போய், "எனக்கு மட்டும் ஏனுங்க இது?" என்றேன். "பையன் தெரியாம வெச்சுட்டானுங்க" என்றார். அது இருந்தால் டம்ளரும் இருக்கும், இல்லாவிட்டால் வழக்கு இருக்கும் என்றேன். மறுநாள் டம்ளர் வந்தது. அடுத்த மாதம் அந்தப் பையனும் போய்விட்டான். புதுப் பையனுக்கு எந்தக் கதையும் தெரியாது, எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான் வைக்கிறான். முன்பென்றால் இதில் நிம்மதி அடைந்திருப்பேன். ஆள் தெரியாததால் கிடைக்கிற சமத்துவம் ஆள் தெரிந்ததும் போய்விடும். தெரிந்த பிறகும் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

அன்றைக்குச் சாயங்காலம் பின்பக்கம் போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் சொன்னார்: "நீ படிச்சவன். சொல்லிப்போட்டு வேற கடைக்குப் போயிருவ. எனக்குச் சோறு இங்கதான்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லோ?"

கேட்டிருக்கலாம். பதினோரு வருசம் அவரிடம் பேசாதவன், பேசின முதல் நாளும் அவரைக் கேட்காமல்தான் பேசினேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நல்ல மனசால் அல்ல. அந்தக் கூலிக்கு அப்படிச் சமைக்க வேறு ஆள் கிடையாது. அடுத்த தடவை அத்தையைக் கேட்டுக்கொண்டுதான் போனேன். மாஸ்டருக்குக் கொடுத்த கூலியைக் கொடுங்கள் என்று ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டோம். கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். மாஸ்டர் கூலி இன்னும் வரவில்லை. தட்டு கழுவ இப்போது வேறு பையன் இருக்கிறான். வாசற்படியை அத்தை இன்னும் தாண்டவில்லை. நான் வற்புறுத்தவுமில்லை. அது அவர் கால்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்தது, மெஸ்ஸிலும் கூட்டம் குறைந்தது. ஒருநாள் மெஸ்காரர் என்னிடம் புலம்பினார்: "வாத்தியாரே, இந்தக் கடையில ஒரு ஆளும் நிக்கிறதில்லீங்க. வர்றான், போறான்."

தினமும் ஐந்நூறு பேரின் வருகையை எழுதுகிறவன் நான். யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைப்பதுதான் என் பிழைப்பு.

"ஒருத்தர் நிக்கிறாங்களே" என்றேன். "நான் வந்த நாள்ல இருந்து ஒருநாள் லீவு போட்டுப் பாத்ததில்லையே."

அவர் யாரைச் சொல்கிறேன் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.