வலுவும் மூச்சும்

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் மாலைப்பொழுதில் குத்துக் கையுறைகளும் துவாயும் அடங்கிய பையொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படுவாராயின், நம்மவரிடையே அவருக்குக் கிடைக்கும் முதல் வெகுமதி ஒரு புன்சிரிப்பேயாகும். "இந்த வயதில் இஃதென்ன விளையாட்டு?" என்று கேட்பார் சிலர், கேளாது மனத்துள் நினைப்பார் பலர். தேகாப்பியாசம் என்பது பாடசாலைப் பருவத்தோடு முடிந்துவிடும் ஒரு பாடம் என்றே நம் குடும்பங்களில் நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்திருக்கின்றது. உத்தியோகமும் இல்லறமும் வந்தபின் உடம்பைப் பேணுவதென்றால், வேளைக்கு மருந்து உண்பதும் மாலையிற் சிறிது நடப்பதுமே போதும் என எண்ணி விடுகின்றோம்.

நாம் எமது 43ஆம் வயதில், கொழும்பிலே கிக்பொக்சிங் கற்பிக்கும் வகுப்பொன்றிற் சேர்ந்தோம். இரத்தத்திற் சீனியின் அளவு எல்லைக் கோட்டை எட்டி நிற்கின்றதென்று எமது குடும்ப வைத்தியர் கூறியது அதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம். சேர்ந்து ஒன்றரை ஆண்டு கழிந்துவிட்டது. இக்காலத்தில் எம்மிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட வினா ஒன்றே. பாரந் தூக்கித் தசைக்கு வலுவூட்டுவதா, அல்லது ஓடியும் துள்ளியும் இருதயத்துக்கும் சுவாசத்துக்கும் தாங்குதிறனை ஊட்டுவதா, எதற்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பதே அது. நடுத்தர வயதில் இக்கலையைத் தொடங்கும் எவரும் இவ்வினாவைக் கடந்தே செல்ல வேண்டியிருத்தலின், நாம் அறிந்தவற்றை இங்கு எழுதலாயினோம்.

முதலில் இக்கலையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஜப்பானியக் கராத்தே, தாய்லாந்தின் முவே தாய், மேனாட்டுக் குத்துச்சண்டை ஆகியவற்றின் கூறுகள் கலந்து பிறந்தது இது. ஒசாமு நொகுச்சி என்னும் ஜப்பானியர் இதற்குக் கிக்பொக்சிங் எனப் பெயரிட்டு, 1966ஆம் ஆண்டு ஒசாகா நகரில் முதற் போட்டிகளை நடத்தினார். 1976இல் இதற்கென உலகச் சங்கமொன்று அமைந்தது. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அச்சங்கத்துக்குப் பூரண அங்கீகாரம் வழங்கிற்று. எம்போன்றோர் போட்டி மேடையை நாடிச் செல்பவரல்லர். ஆயினும் அம்மேடையின் கணக்கு எமக்கும் பாடமாகின்றது. ஒரு சுற்று இரண்டு அல்லது மூன்று நிமிடம். இரு சுற்றுக்களுக்கிடையே ஒரு நிமிட ஓய்வு. வகுப்பிலே குத்துப்பையை அடிக்கும்போதும் இவ்வளவையே பின்பற்றுகின்றனர்.

இந்த மூன்று நிமிடத்தில் உடம்பினுள் நிகழ்வது யாது? தசையிலே ஏலவே சேமித்து வைக்கப்பட்டுள்ள சக்தி, முதற் பத்து விநாடி அளவிலான கடும் முயற்சிக்கே போதுமானது. அதன்பின் பிராணவாயுவின் உதவியின்றியே சீனியை விரைந்து எரித்துத் தசை வேலை செய்கின்றது. கைகால்கள் கனப்பதும் எரிவதும் அவ்வேளையிலேதான். முயற்சி ஒரு நிமிடத்தைத் தாண்டி நீடிக்கும்போது, பிராணவாயுவைக் கொண்டு சக்தியை ஆக்கும் முறையே பெரும் பங்கை ஏற்றுக்கொள்கின்றது. ஒரு நிமிட ஓய்வில் அடுத்த சுற்றுக்கு உடம்பை ஆயத்தப்படுத்துவதும் அதுவே. இருதயமும் நுரையீரலும் பழகாதவனுக்கு அவ்வோய்வு போதுவதில்லை. முதற் சுற்றின் கடனை இரண்டாஞ் சுற்றிலும் சுமந்து நிற்பான்.

இனி உதையை நோக்குவோம். உதைப்பது கால் என்று நாம் நினைக்கின்றோம். நிலத்தில் ஊன்றி நிற்கும் மற்றக் காலே அதற்கு அடித்தளம். அக்கால் நிலத்தைத் தள்ள, இடுப்பு திரும்ப, வயிறும் முதுகும் அவ்வேகத்தைச் சிதறாது கடத்த, ஈற்றிலேதான் உதை விழுகின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால், அதன் பாரத்தை முழங்காலோ நாரியோ சுமக்கும். தசை சில கிழமைகளில் வலுப்பெறத் தொடங்கும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களோ அதனினும் தாமதமாகவே உறுதி பெறுகின்றன. இருபது வயதினர் இதனைப் பொருட்படுத்தாது தப்பிவிடக் கூடும். நாற்பதைத் தாண்டியோர்க்கு அச்சலுகை குறைவு.

எமது வகுப்பில் இருவகைப்பட்டவரைக் கண்டோம். ஒரு வாலிபர் பல ஆண்டுகள் பாரந் தூக்கியவர். அவர் குத்தினாற் பை கூரையை நோக்கி எழும். ஆயினும் இரண்டாம் நிமிடத்தில் அவர் கைகள் தாமே கீழிறங்கி, முகம் காவலின்றி நிற்கும். மற்றொருவர் வங்கி உத்தியோகத்தர், நெடுந்தூர ஓட்டத்திற் பழகியவர். ஐந்து சுற்று முடிந்தபின்னும் அவர் சுவாசம் சீராகவே இருக்கும். உதையோ பஞ்சுப் பொதி விழுந்தாற்போல் இருக்கும். ஒருவர் எம்மைப் பாரந் தூக்குமாறும், மற்றவர் விடியலில் ஓடுமாறும் அன்போடு வற்புறுத்தினர்.

இதைக் குறித்துப் பயிற்றுநரிடம் வினவினோம். "ஐயா, இரண்டும் வேண்டியவையே. ஆனால் இரண்டுக்கும் செலவு செய்யும் பணப்பை ஒன்றுதான். நீங்கள் பயிற்சி செய்வதை நான் பார்க்கிறேன். நித்திரை கொள்வதை யார் பார்ப்பது?" என்றார் அவர். வயதில் எம்மிலும் இளையவர்; ஆயினும் அவ்விடையின் பொருளை நாம் இன்றும் எண்ணிப் பார்க்கின்றோம். பயிற்சி உடம்பைத் தளர்த்துகின்றது. பின்வரும் ஓய்விலும் உணவிலும் உறக்கத்திலுமே உடம்பு தன்னைத் திருத்தி முன்னிலும் வலிதாக்கிக் கொள்கின்றது. வேலையும் வீட்டுக் கடமையும் உடையவருக்கு அப்பணப்பையில் இருக்கும் தொகை அளவானது.

இக்கருத்தை ஆராய்ச்சியும் ஆதரிக்கின்றது. அமெரிக்கரான றொபேட் ஹிக்சன் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் பெயர் பெற்றது. ஒரு குழுவினர் கிழமைக்கு ஐந்து நாள் வலுப் பயிற்சி செய்தனர். இன்னொரு குழுவினர் ஆறு நாள் தாங்குதிறன் பயிற்சி செய்தனர். மூன்றாங் குழுவினர் இரண்டையும் முழு அளவிற் செய்தனர். பத்துக் கிழமை நடந்த அப்பரிசோதனையில், மூன்றாங் குழுவினரின் வலிமை ஏறத்தாழ ஏழாங் கிழமைவரை வளர்ந்து, பின்னர் நின்று, ஈற்றிற் குறையலாயிற்று. அவர்களது தாங்குதிறனோ குறைவின்றி வளர்ந்தது. இதனைப் படித்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என முடிவு கட்டினோர் உளர். அம்முடிவு அவசரமானது. கிழமைக்குப் பதினொரு பயிற்சி செய்த உடம்பின் கதை அது. அளவோடு செய்யும் புதியவர்கள் இரண்டிலும் ஒருங்கே முன்னேறுதல் கூடும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டையும் ஒரே வேளையில் அடுக்கும்போது, திடீரென வெடித்தெழும் வேகமே பாதிப்புக்கு உள்ளாகக் கூடியது என்பதும் அவற்றால் தெரிகின்றது. உதைக்கு வேண்டுவது அவ்வேகமேயாதலால், இரண்டையும் வெவ்வேறு நாளில் வைப்பது நன்று.

நாம் கைக்கொள்ளும் ஒழுங்கு இது. செவ்வாயும் வியாழனும் மாலையில் ஒரு மணி நேர வகுப்பு. ஸ்கிப்பிங் கயிற்றைச் சுழற்றித் துள்ளுதலும் பையை அடித்தலும் இருதயத்துக்குக் கடும் வேலையாதலின், கடுமையான ஓட்டத்தை வேறாகச் சேர்ப்பதில்லை. திங்களும் வெள்ளியும் நாற்பது நிமிட வலுப் பயிற்சி. குந்தி எழும்புதல், இடுப்பை மடித்துப் பாரத்தை நிலத்திலிருந்து தூக்குதல், தண்டால், பாரத்தை மார்பை நோக்கி இழுத்தல், இரு கைகளிலும் பத்துக் கிலோ அரிசிப் பைகளை ஏந்தி நடத்தல் ஆகிய ஐந்துமே அதில் அடங்கும். முதல் நான்கையும் எட்டு முதல் பத்துத் தடவையாக இரண்டு அல்லது மூன்று முறை செய்து, இன்னும் இரண்டு தடவை செய்ய இயலும் என்ற நிலையிலேயே நிறுத்திக் கொள்கின்றோம். சனி காலையிற் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் விரைந்த நடையும் மெல்லோட்டமும். பக்கத்தில் வருபவரோடு தடையின்றி உரையாட முடியுமளவே அதன் வேகம். புதனும் ஞாயிறும் ஓய்வு.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையோ, 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பையோ மேற்கொள்ள வேண்டுமென்றும், இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்த வேண்டுமென்றும் கூறப்பட்டுள்ளது. எமது ஒழுங்கு அவ்வளவுக்கு உட்பட்டதே. நாள் போதாதவர் வலுப் பயிற்சியையும் வகுப்பையும் ஒரே நாளில் வைக்க நேருமாயின், களைத்த கால்களோடு உதை பழகாதிருக்கும் பொருட்டு வகுப்பை முதலில் வைத்துக்கொள்க.

இருபது விநாடி கடும் உழைப்பும் பத்து விநாடி ஓய்வுமாக மாறிமாறிச் செய்யும் முறையொன்று இப்போது பெருவழக்காய் உள்ளது. ஜப்பானிய அறிஞர் இசுமி தபாதா 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது அது. அப்பரிசோதனைக்கு உட்பட்டோர் உடற்கல்வி பயின்ற வாலிபர்கள். அவர்கள் உழைத்ததும் ஓரிடத்தில் நிலைநிறுத்திய சைக்கிளிலேயாம். அகலக் கால் வைத்தல் ஆகாது என்னும் முதுமொழி உதைக்கும் பொருந்தும், இத்தகைய பயிற்சிக்கும் பொருந்தும். முதல் மூன்று மாதம் முறையாக நிற்கவும் திரும்பவும் காலை இறக்கவும் பழகுவதே புதியவருக்குப் போதிய வேலையாகும்.

நம் நாட்டின் வெப்பத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருத்தலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுமில்லை. மின்விசிறியும் நீர்ப் போத்தலும் அருகில் இருத்தல் அவசியம். உணவிலே நம் கோப்பையின் பெரும் பகுதியைச் சோறு பிடித்துக்கொள்கின்றது. தசையைக் கட்டுவது புரதம். பருப்பு, கடலை, மீன், முட்டை, தயிர் என்பன அதற்கு இடங்கொடுக்கும்படி சோற்றைச் சற்றே ஒதுக்குதல் நலம். நாற்பதைக் கடந்தோர், சிறப்பாகச் சீனி வியாதியோ இரத்த அழுத்தமோ உடையோர், தொடங்குமுன் வைத்தியரைக் காண்பாராக. பயிற்சியின்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்நிமிடமே நிறுத்துவாராக. தலையில் அடி வாங்கிப் பழகுவது ஆரோக்கியத்துக்குத் தேவையானதொன்றன்று. பையும் பயிற்றுநரின் கைத்தட்டும் போதும்.

முன்னர் குறித்த மற்றக் காரணத்தை இப்போது கூறுவோம். எமது அன்னையார் தமது வாழ்நாள் முழுதும் நடந்தவர். கோவிலுக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் நடையே அவருக்கு வாகனம். எழுபத்தைந்து வயதிலும் மூச்சு வாங்காமல் வீதியின் மறுமுனைவரை நடப்பார். ஆனால் பூசைக்காக நிலத்திற் பாய் விரித்து அமர்ந்தால், தாமாக எழுந்திருக்க அவரால் இயலாது போயிற்று. ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும். ஆளில்லாத வேளையில் அமர்வதையே தவிர்த்தார். நாளடைவிற் பூசையையும் நின்றபடியே முடித்துக்கொண்டார். எவரிடமும் அவர் குறை கூறியதில்லை. முப்பது வயதுக்குப் பின் பயன்படுத்தாத தசை சிறிது சிறிதாக அருகுகின்றது என்பதையும், நடை ஒன்றினால் அதனை முற்றாகத் தடுக்க இயலாது என்பதையும் நாம் எந்நூலிலும் படிப்பதற்கு முன்னர் அவரிடமே கண்டோம்.

அவருக்கு இப்போது நாற்காலியில் இருந்தெழும் பயிற்சியை எமது மகள் நாடோறும் செய்விக்கின்றாள். "அப்பம்மா, இன்னும் இரண்டு தரம்" என்று அவள் எண்ண, "நீ கணக்கிற் கள்ளம் செய்கிறாய், பிள்ளை" என்று அவர் கூறிக்கொண்டே எழும்புவார். மூன்று மாதத்தின் பின் நாற்காலியின் கைப்பிடியை விட்டு எழத் தொடங்கினார். பாயிலிருந்து எழுவதற்கு இன்னும் ஒரு விரலின் துணை வேண்டும்.

எமது சீனியின் அளவும் கீழே வந்திருக்கின்றது. இராச்சோற்றைக் குறைத்ததற்கும் அதிற் பங்குண்டு என்கிறார் வைத்தியர், மறுப்பதற்கில்லை. எம்மைவிட இருபது வயது இளையவரின் உதையை எமது உதை ஒருகாலும் எட்டப்போவதில்லை. அதனால் எமக்கு வருத்தமுமில்லை. கிழமைக்கு இரண்டு நாள் வலுவுக்கும், இரண்டு மாலை வகுப்புக்கும், ஒரு காலை மெல்லிய ஓட்டத்துக்கும், எஞ்சிய இரண்டு நாள் ஓய்வுக்கும் என வகுத்துக்கொண்டால், குடும்பப் பாரமுடைய ஒருவர் இதனை ஆண்டுக்கணக்காகத் தொடர முடியும். மாணாக்கர்கள் இதனை வாசிப்பராயின், தாய் தந்தையர் பயிற்சிக்குப் புறப்படும்போது நகையாது பையை எடுத்துக் கொடுப்பார்களாக. பெற்றோர், அடுத்த ஞாயிறன்று நிலத்தில் அமர்ந்து, கையூன்றாது எழுந்து பார்ப்பார்களாக. எங்கிருந்து தொடங்க வேண்டுமென்பது அப்போது தானே விளங்கும்.