முற்றத்தில் ஒரு டர்போ

அதியன்னூர் வீடுகளின் முற்றங்களில் நிற்கும் கார்களின் எண்பலகைகளைப் பார்த்தாலே இஃது எல்லைநாடு என்பது விளங்கும். நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, பாறசாலையின் கே.எல். 19, மார்த்தாண்டத்தின் டி.என். 75 ஆகியவை உறவினர்களைப்போல் அருகருகே நிற்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது குடும்பங்கள் இருபுறமும் பிரிந்தன. போக்குவரவு மட்டும் பிரியவில்லை. கார் இங்கே ஆடம்பரத்தைவிட அவசியத்தின் பொருளாகவே பல வீடுகளில் இருக்கிறது.

அத்தகைய வீடு ஒன்றில் பழைய ஸ்விஃப்ட் டீசல் கார் ஒன்று உண்டு. அதன் உரிமையாளர் முப்பது வயதை எட்டிய இளைஞர். வாரம் மூன்று நாள் தந்தையைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்காகத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் செல்கிறார். பாலராமபுரம் சந்திப்பின் நெரிசலைக் கடந்து, குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஓராண்டாக வண்டியின் இழுவை குறைந்துகொண்டே வந்தது. மேட்டில் மிதித்தால் கரும்புகை எழுந்தது. 'எஞ்சினின் கணினியில் கணக்கை மாற்றி எழுதினால் இருபது குதிரைத்திறன் கூடும்' என்று நண்பர்கள் சொன்னார்கள். அவரும் அதற்குப் பணம் சேர்க்கத் தொடங்கினார்.

மார்த்தாண்டத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்ற அவருடைய மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். செய்தியைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கூட்டுறது எஞ்சின்ல, சரி. நிறுத்துறது எதுல மக்களே?"

அந்தக் கேள்வியின் பொருளை அறிய, டர்போ என்பது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வீணாகிறது. வீணாகும் அந்தப் புகையின் வேகத்தைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று கண்டு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்றார். கார்களிலுள்ள சிறு டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேலும் சுழலும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. எண்ணெய் கெட்டால் அச்சு தேயும். அச்சு தேய்ந்தால் டர்போ போகும்.

2007-இல் இந்தியாவில் டீசல் ஸ்விஃப்ட் வந்தபோது அதன் 1,248 சி.சி. எஞ்சின் 75 குதிரைத்திறன் தந்தது. ஃபியட் வடிவமைத்த அந்த எஞ்சின் பல நிறுவனங்களின் கார்களில் இடம்பெற்றதால் 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்று வேடிக்கையாக அழைக்கப்பட்டது. அதே 1,248 சி.சி. பின்னர் வேறு சில கார்களில் 90 குதிரைத்திறன் தந்தது. நண்பர்கள் காட்டிய சான்றும் அதுவே. ஆனால் அந்தப் பதினைந்தைக் கூட்டுவதற்குத் தொழிற்சாலையே டர்போவை மாற்றியது; இதழ்களின் கோணம் வேகத்துக்கேற்ப மாறும் வேறுவகை டர்போவைப் பொருத்தியது. கணக்கை மட்டும் திருத்தி அழுத்தத்தை ஏற்றுகிறவர், கிளட்ச், பிரேக், குளிர்விப்பு ஆகிய அனைத்தையும் பழைய அளவிலேயே விட்டுவிடுகிறார்.

சட்டமும் இவ்விடத்தில் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது.

மாமா சட்டம் பேசவில்லை. வண்டி குளிர்ந்தபின் முன்மூடியைத் திறக்கச் சொன்னார். காற்று வடிகட்டி செம்மண் நிறத்தில் அடைந்திருந்தது. டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்புறம், கண்ணில் படாத இடத்தில், விரல்நீளம் கீறியிருந்தது. அழுத்திய காற்று அதன் வழியே கசிந்துகொண்டிருந்தது. காற்றுக் குறைய, டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாயிற்று. முன்குழாயைக் கழற்றி, விரலால் டர்போ அச்சை அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் இம்மியளவு அசைவு இருந்தது, அஃது இயல்பு. முன்னும் பின்னுமாக அசைவு இல்லை. "டர்போ உயிரோடதான் இருக்கு மக்களே" என்றார்.

மறுவாரம் மருமகனே வேலை செய்தார். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்தினார். குழாய், காற்று வடிகட்டி, எண்ணெய் வடிகட்டி மூன்றையும் புதிதாக மாட்டினார். கையேடு குறித்த தரத்திலேயே எண்ணெய் ஊற்றினார். புது எண்ணெய் டர்போவை எட்டும்வரை மிதிக்காமல், எஞ்சினைச் சிறிதுநேரம் சும்மா ஓடவிட்டார். வடித்த எண்ணெயை இவ்வூரார் 'கரி ஓயில்' என்பர். முற்காலத்தில் அதைக் கரையானுக்கு அஞ்சி மரத்தில் பூசினார்கள். எஞ்சியதைத் தென்னை மூட்டில் கொட்டினார்கள். பத்தடி தள்ளிக் குடிநீர்க் கிணறு இருக்கும் முற்றத்தில் அது பெருந்தீங்கு. அவர் அதைக் கன்னாசில் அடைத்து, பழைய எண்ணெய் வாங்குபவரிடம் சேர்த்தார்.

மேட்டில் இழுவை திரும்பியது, புகை நின்றது. கூடுதலாக வேண்டும் என்று அவர் எண்ணிய திறன், காரிடம் முன்பே இருந்து, பராமரிப்பின்மையால் இழந்த திறனே. மாற்றியமைத்தல் என்ற ஆசை பெரும்பாலும் பேணாமையிலிருந்து பிறக்கிறது என்பதற்கு இந்த முற்றம் ஒரு சான்று. பேணும் அறிவு வீட்டிலேயே வளரக்கூடியது. அதற்கு ஒரு ஞாயிறும், ஒரு கையேடும், கேள்வி கேட்க ஒரு மூத்தவரும் போதும். மாற்றும் வேலையோ, சாலையில் எதிரே வருபவரின் உயிரையும் தன் கணக்கில் சேர்க்கிறது.

கணினிக்கெனச் சேர்த்த பணத்தில் நான்கு டயர்கள் வாங்கப்பட்டன. இப்போது நீண்ட ஓட்டத்துக்குப்பின் சாவியை உடனே திருப்பி அணைக்காமல், டர்போ சூடாறும்வரை அவர் ஒரு நிமிடம் காத்திருக்கிறார். தந்தை மெல்ல இறங்கி, கதவைப் பிடித்து நிமிர்வதற்கும் அந்த ஒரு நிமிடம் சரியாக இருக்கிறது.