தொப்பியின் முழக்கம்

மிருதங்கத்தில் வலந்தலை பேசும். இடப்புறத் தொப்பி முழங்கும். புனேயில் எங்கள் வாடகை அறையில், பொங்கல் விழாவுக்காக மிருதங்கத்தைப் பதிவு செய்து கேட்டபோது, அந்த முழக்கம் மட்டும் எழவில்லை. “பெரிய ஒலிபெருக்கி வாங்குவோம்” என்றார் அறைத்தோழர். வாங்கினால் இருவருக்கும் இரண்டு மாதச் சாப்பாடு போயிற்று!

ஒலிபெருக்கி என்ன செய்யும்? விநாடிக்கு 63 அதிர்வு கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் 18 அடி. எங்கள் அறையின் நீளம் அதில் சரிபாதி, 9 அடி. அத்தகைய அறையில் அவ்வொலி சுவருக்குச் சுவர் மோதி, சுவரோரம் ஓங்கி, நடுவே மாய்ந்துவிடும். நாற்காலி இருந்ததோ நட்டநடுவில்! ஒலிப்பதிவாளர் கைக்கணக்குப்படி, அறை நீளத்தில் 38 விழுக்காடு, அதாவது முன்சுவரிலிருந்து ஏறத்தாழ 3½ அடியில் அதை இட்டோம். தொப்பி முழங்கிற்று.

இதே நகரில், பிரபாத் படக் கம்பெனி இருந்த வளாகத்தில் 1960இல் தோன்றிய திரைப்படக் கல்லூரியில் பயின்றவர், 2009இல் ஆஸ்கார் பெற்ற ரசூல் பூக்குட்டி. அவர் போன்றோர் பணியாற்றும் கூடங்கள் ஒலிக்காகவே கட்டப்பட்டவை. நமக்கு வாய்ப்பதோ வாடகை அறை. நண்பர்களே, பணப்பையைத் திறக்குமுன் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள்!