டெக்கில் வந்த நாயகன்

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தால் எங்கள் தெருவில் விடிய விடியப் படம் ஓடும். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, டிவியைத் திண்ணையில் தூக்கி வைத்து, வாசலில் பாய் விரிப்பார்கள். ரஜினி படம், சாமி படம் முடிந்து பெரியவர்கள் குறட்டைவிடத் தொடங்கியதும் கேசட் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த இங்கிலீஷ் படத்தைப் போடுவோம். அப்படி ஒரு ராத்திரி வந்ததுதான் 'தி காட்ஸ் மஸ்ட் பி கிரேஸி'.

வானத்திலிருந்து ஒரு கோகோ கோலா பாட்டில் விழுகிறது. அதை அடைய ஆளாளுக்குச் சண்டை. உலகத்தின் விளிம்பில் எறிந்துவிட்டு வருகிறேன் என்று இடுப்பில் துண்டுத் தோலோடு ஒருவர் கிளம்புகிறார். வின்ச் கயிற்றில் ஜீப் தானாக மரத்தில் ஏறித் தொங்கியபோது தூங்கியவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

எனக்கு அவர் பேச்சுதான் பிடித்தது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பிடுங்குகிற அந்த 'ட்ளக்', வண்டிக்காரர் மாட்டை ஓட்ட எழுப்புகிற சத்தமேதான். மறுநாள் நாங்கள் சோறு கேட்டதும் 'ட்ளக்'கில்தான். முதுகில் ஒன்று விழுந்த பிறகு தமிழுக்குத் திரும்பினோம்.

"அந்தப் புள்ள எங்கடா நடிக்குது? நெசமாவே பாட்டில இப்பத்தான் பாக்குது" என்றார் அப்பாயி. வெளிநாட்டில் நிறையப் பேர் எழுதியதும் இதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த பாட்டிலைப் பார்த்திராதவர்கள் நாங்கள்தான். 1977-ல் இந்தியாவை விட்டுப்போன கோக் 1993-ல்தான் திரும்பி வந்தது. எங்களுக்குத் தெரிந்தது கோலி சோடாவும் கோல்டு ஸ்பாட்டும். படத்தின் நாயகனோ, நமீபியாவின் சும்க்வே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர்; பல மொழி பேசுவார். நிகாவ் என்று பெயர், சான் இனத்தவர். 1980-ல் வந்த அந்தப் படத்தில் இயக்குநர் ஜேமி யூஸ் காட்டிய வெளியுலகம் தீண்டாத கலஹாரியும் நிஜமில்லை; தென்னாப்பிரிக்க ராணுவம் முகாம் போட்டு, சான் ஆட்களைத் தடம் பார்க்கச் சம்பளத்துக்கு வைத்திருந்த காலம் அது. இதெல்லாம் தெரிந்த ஒரு மனிதர்தான் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்படியொரு வியப்பை முகத்தில் கொண்டுவந்தார். நடிப்பு என்றால் வேறு என்னவாம்?

முதல் படத்துக்குக் கிடைத்தது சில நூறு டாலர் என்பார்கள். இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட்டபோது பல மடங்கு கேட்டு வாங்கினார். மின்சாரமும் தண்ணீரும் உள்ள வீடு கட்ட வேண்டுமே! 1989-ல் அது வெளியானது. 2003-ல் காசநோயில் இறந்தபோதும் பத்திரிகைகளுக்கு அவர் 'புஷ்மேன்'தான். இடையில் ஹாங்காங் படங்களில் நடித்ததை எத்தனை பேர் பார்த்தார்களோ. 1991-ல் வந்த 'கிரேஸி சஃபாரி'யில் புரூஸ் லீயின் ஆவி உடம்பில் புகுந்து அவர் உதைக்கிற காட்சி ஒன்று உண்டு. கலஹாரியில் தினமும் அப்படித்தான் உதைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னாலும் சொல்வார்கள்.