காய்ச்சலும் பாய்ச்சலும் கேட்கும் பூ

ஏப்ரல், மே மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை கொட்டி ஓய்ந்த சில நாளில், வீட்டுப் பூச்சாடிகளைப் பார்க்க வேண்டும். புல் என்று நினைத்திருந்த கொத்துக்குள்ளிருந்து இளஞ்சிவப்பு மொட்டுகள் தலை நிமிர்த்தி நிற்கும்.

மழை லில்லி!

அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட இதன் பேரினத்துக்கு, 1821இல் வில்லியம் ஹெர்பர்ட் 'ஜெபிராந்தஸ்' என்று பெயரிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி பால்கனியிலும் வளரும். வெயில் மட்டும் நன்றாக விழ வேண்டும். நிழலில் இலைதான் மிஞ்சும். கிள்ளான் தாமான் வீட்டு முற்றத்தில் களிமண்ணாக இருந்தால், மணலும் மக்கிய உரமும் கலந்து, கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி நடுவது நல்லது. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

பூக்காத சாடியை மழை படாத ஓரத்துக்கு நகர்த்தி, இரண்டு வாரம் காயவிட்டு, மறுபடி மழையில் வைத்தால் பெரும்பாலும் மொட்டு விடும். குழாய்த் தண்ணீரைவிட மழையே இதற்குத் தோது.

ஒரு பூ ஓரிரு நாள்தான் நிற்கும். ஆனால் அடுத்தடுத்து மலரும். கிழங்கு பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரியே இருக்கும். அதில் லைகோரின் என்ற நச்சு உண்டு. தின்றால் வாந்தி வரும். குழந்தைகளும் பூனைகளும் உள்ள வீட்டில் சாடியை எட்டாத உயரத்தில் வைப்பது உத்தமம்.