பழுதும் பாதுகாப்பும்

மூஸா நபி (அலை) அவர்கள் உடன்சென்ற நல்லடியார் ஏழைகளின் மரக்கலத்தில் பழுது செய்தது அதனைக் காக்கவே என்பதைக் கஹ்ஃபு அத்தியாயத்தில் ஓதுகிறோம். பாகூர்க் கொம்யூனின் நரம்பை, பனித்திட்டுக் கரைகளில் ஃபைபர் படகுகளைக் காணுந்தோறும் அவ்வரலாறே நம் நெஞ்சில் எழும். பழைய அலுமினியப் படகைச் செப்பனிட்டு அவுட்போர்டு எஞ்சின் பூட்ட விழைவோர்க்கும் அதில் பாடமுண்டு. பழுதை அறிவதே பாதுகாப்பின் தொடக்கம்.

காற்றுப் பட்டதும் அலுமினியம் மெல்லிய படலம் போர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆயினும் உப்புநீரில் பித்தளையோ செம்போ அதனைத் தொட்டிருப்பின் அரிபடுவது அலுமினியமே. ஆதலால் துத்தநாகத் துண்டொன்றைப் பிணைப்பர். அது தான் கரைந்து படகைக் காக்கும்.

துடுப்புக்கே பழகிய படகின் பின்பலகை எஞ்சினின் எடையையும் உந்துதலையும் எளிதில் தாங்காது. கடன்பட்டு எஞ்சின் வாங்குமுன் அதனை வலுப்படுத்துவதே அறிவுடைமை. விரைவு பின்னர் வரட்டும். கரையில் காத்திருக்கும் இல்லத்தார்க்கு வேண்டுவது நீர் புகாத படகன்றோ!