மேகம் மூடிய மலையும் தவக்குலும்



சென்ற டிசம்பரில் மதரஸா மாணவர்களை இராஜபாளையம் அய்யனார் அருவிக்கு அழைத்துச் செல்லவிருந்தோம். காலையில் மேற்கே மலையே தெரியவில்லை. மேகம் அடிவாரம் வரை இறங்கியிருந்தது. பயணத்தை நிறுத்தினோம். "ஹஜ்ரத், நமக்குத் தவக்குல் இல்லையா?" என்று ஒரு மாணவர் கேட்டார். முன்பொரு முறை பனிமூட்டத்தில் மலைப்பாதையில் வேனைச் செலுத்தச் சொன்னவர்கள் நாமே. அதனால் அக்கேள்வி நம்மைச் சுட்டது.

அவருக்கு இரண்டு விபத்துகளை எடுத்துரைத்தோம். 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், பார்வைத் தெளிவு குறைந்த வானில் தாழ இறங்கி, சின்னமனூரை அடுத்த மேகமலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் மரணித்தனர். அம்மலையும் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடும் இன்று ஒரே புலிகள் காப்பகம். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்தது. பயணித்த 14 பேரும் உயிரிழந்தனர். வானிலை திடீரென மாறி, மேகத்துள் நுழைந்ததால் விமானி திசையுணர்வை இழந்தார் என்றது விசாரணைக் குழு. இயந்திரக் கோளாறு காணப்படவில்லை.

மேகத்துள் கண் மலையைக் காணாது. உட்காதோ சாய்வைச் சமநிலையென உணர்த்தும். தேர்ந்தவர்க்கும் இது நேரும். மரணித்தோரை நாம் குறை கூறவில்லை. அஜல் அல்லாஹ்வின் கையில். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். திரும்பிவிடுவதும் அக்கயிற்றைக் கட்டுவதேயாகும்.

"அப்படியானால் எப்போது போவோம், ஹஜ்ரத்?"

"மலை தெரியும் நாளில், இன்ஷா அல்லாஹ்."